எல்லைக்குள் வந்த வாசிகசாலை

ரயில் பதுளைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்தக் காலத்தில்தான் பசார் வீதியில் புடவைக்கடை வைத்திருந்த தங்கராஜா முதலாளி, கடையை ஒட்டியிருந்த சாக்குக் கிட்டங்கியைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, வாசிகசாலை திறந்தார். திறந்தது பேப்பர் படிக்கத்தான். கொழும்புப் பத்திரிகையும் மெட்ராஸ் பத்திரிகையும் ரயிலில் வரும். கடைக்காரர்கள் நீள மர வாங்கில் உட்கார்ந்து படிப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் படிக்கிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அங்கே பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கும் என்று முதலாளி கனவிலும் நினைத்தவரில்லை. அது அவருடைய மருமகள் சந்திரகாந்தி செய்த காரியம்.

அவள் தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போனவள். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். நகை இருக்கும் என்று அதைத் திறந்து பார்த்த மாமியாருக்கு அன்றைக்கு வந்த முகச்சுளிப்பு கடைசிவரை போகவில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் சந்திரகாந்தி வாசிகசாலையில் பாய் விரிப்பாள். வந்த பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை படிப்பாள், படம் காட்டுவாள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். முடிவில் ஆளுக்கொரு கை அவலும் சர்க்கரையும் கிடைக்கும். அவலுக்குத்தான் இதுகள் வருது என்று முதலாளி முணுமுணுப்பார்.

"வரட்டுமே மாமா, அவலோட சேந்து கொஞ்சம் கதையும் உள்ள போகுதுல்ல" என்பாள் அவள்.

ஞாயிறு தோட்டங்களில் வேலை இல்லை. சுற்றுவட்டாரச் சனம் முழுக்கச் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடை கடையாக அலைகிற தாய்மாருக்கு வாசிகசாலை பெரிய உபகாரமாக இருந்தது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நிம்மதியாகச் செத்தல் மிளகாய்க்குப் பேரம் பேசலாம். கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாய். அந்த ஒழுங்கை யாரும் எழுதிப் போடவில்லை. எழுதிப் போடாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாயில் எப்போதும் முன்னால் இடம் பிடிக்கிறவள் தனலெட்சுமி. நாவலமலைத் தோட்டத்து மாரிசாமியின் மகள். மாரிசாமிதான் அங்கே விடியற்காலையில் பெரட்டுத் தப்பு, அதாவது ஆள் கூட்டும் பறை, அடிப்பவன். அவன் தப்பு கேட்டுத்தான் தோட்டம் எழும்பும், ஆட்கள் பெரட்டுக் களத்துக்கு வந்து அன்றைய வேலைக்கு நிற்பார்கள். பெண்சாதி இராக்கம்மா கொழுந்து எடுப்பவள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். அவர்களுக்கு மூத்ததாக ஒரு பையன் இருந்தான். அம்மை கண்டு போய்விட்டான். போன வருஷம் தனலெட்சுமிக்கும் அம்மை போட்டது. "அவனத்தான் எடுத்துக்கிட்ட, இவள எனக்குக் குடு தாயே" என்று இராக்கம்மா மாரியம்மன் கோயில் வாசலில் விழுந்து கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் வருகிற திருவிழாவில் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கவைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது.

திருவிழா சித்திரையில். வெள்ளிக்கிழமை கம்பம் நட்டு, தப்படித்துத் தோட்டத்து எல்லையைச் சுற்றி வந்து, தனலெட்சுமியின் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினவர்களுக்கு விதி கடுமை. கவுச்சி தொடக்கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஒரு ராத்திரி வெளியில் தங்கினாலும் காப்பு முறிந்தது. முறிந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த இராக்கம்மாவுக்கு யாரும் சொல்லவும் வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் அந்த ஞாயிறு மகளை டவுனுக்கு விட்டாள். விடாமல் என்ன செய்வது? அன்றைக்கு வாசிகசாலையில் பிள்ளைகள் நாடகம். தனலெட்சுமிதான் கிளி. சந்திரகாந்தி பச்சைக் காகிதத்தில் இறக்கை ஒட்டி வைத்திருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கொஞ்ச நாளாகவே யார் கூப்பிட்டாலும் கிளிக்குரலில்தான் பதில். "இந்தக் கிளிய எப்பத்தான் பறக்கவிடப் போற இராக்கு?" என்று அடுத்த காம்பிரா வீட்டுக்காரி கேட்கத் தொடங்கிவிட்டாள்.

"வெளக்கு வைக்கிறதுக்கு முந்திக் கொண்டாந்து சேத்துருவேன் மதினி" என்று முருகையா பொறுப்பேற்றுக்கொண்டான். அவன் மாரிசாமிக்குச் சித்தப்பா மகன், கூடவே தப்படிக்கிறவன். திருவிழாவுக்கு மஞ்சளும் கற்பூரமும் வாங்கப் போனவன், தனலெட்சுமியையும் லயத்துப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

சித்திரை மழை சொல்லிக்கொண்டு வருகிற மழை இல்லை. மத்தியானம் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. அப்புறம் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஏறி வந்து, இடித்துக் கொட்டத் தொடங்கியது. தேயிலை மலை முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடியது. இராக்கம்மா ரொட்டிக்குப் பிசைந்த மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். மழை சற்றே குறைந்தபோது முருகையா வந்தான். தலையில் சாமான் மூட்டை, தெப்பலாக நனைந்த உடம்பு. கூட யாருமில்லை.

"புள்ளைங்க எங்கடா?"

"வாசிகசாலையில பத்தரமா இருக்குதுங்க மதினி. மழையில விடமாட்டேன்னு அந்தம்மா கதவச் சாத்திட்டாங்க. சரி, சாமான அக்கரையில நனையாம வச்சுட்டு வந்து கூட்டிக்குவோம்னு ஆத்தத் தாண்டுனேன். கரை ஏறல, பின்னால மடமடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா பாலத்தக் காணோம்."

அது தோட்டத்து ஆட்கள் குறுக்கே போட்டுக்கொண்ட மரப்பாலம். அது போனால் வண்டி ரோட்டைச் சுற்றி இரும்புப் பாலத்தால்தான் டவுனுக்குப் போகவேண்டும். இப்போது கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு டவுனைப் பிடிக்கலாம். பிள்ளையோடு திரும்பி வருவது நடக்கிற காரியம் இல்லை.

மற்ற தாய்மார் பெருமூச்சு விட்டார்கள். "ஓட்டுக் கூரை, நம்ம தகரத்தவிட நல்ல கூரை. இருந்துட்டுக் காலையில வரட்டும்" என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் கையில் காப்பு இல்லை. இராக்கம்மா முருகையாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். மாரிசாமியும் முருகையாவும் பின்னால் போனார்கள்.

பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். "ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவோம். அடுத்த வருசம் திரும்பக் காப்புக் கட்டிக்கலாம்."

"அடுத்த வருசத்துக்குப் புள்ள இருக்கணுமே சாமி."

"நான் என்ன செய்ய இராக்கு? வாசிகசாலை எல்லைக்கு வெளிய இருக்கே."

"எல்லைய எதால கட்டுனீங்க?"

"எதாலன்னா? தப்பாலதான். தப்பு சுத்துன எடம் எல்லை. ஒனக்குத் தெரியாததா?"

"போன தடவ கீழ லயம் புதுசாக் கட்டுனப்ப, திருவிழா நடுவுல தப்ப எடுத்துக்கிட்டுப் போயி அதையும் எல்லைக்குள்ள சேத்தீங்களா இல்லியா?"

"சேத்தோம்."

"அப்ப டவுனுக்கும் தப்பு போகட்டும். வாசிகசாலையையும் சேத்துக்குவோம்."

பூசாரி வேப்பிலையைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். இப்படி ஒரு கேள்வி அவர் தகப்பனாரிடமும் யாரும் கேட்டதில்லை. சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், "போகலாம். ஆனா சத்தம் அறுபடக்கூடாது. எல்லைக் கல்லுல தொடங்கி, புள்ள படுக்கிற எடம் வரைக்கும் ஒரே அடி. நடுவுல அறுந்தா அந்த எடத்தோட எல்லை நின்னு போச்சு. சொல்லிட்டேன்" என்றார்.

மாரிசாமி வானத்தைப் பார்த்தான். தப்பு கன்றுக்குட்டித் தோலில் செய்தது. நனைந்தால் தொய்ந்துபோகும், குரலே வராது. நெருப்பில் காட்டிக் காயவைத்தால்தான் மறுபடி பேசும். "ரெண்டு தப்பு வேணும்" என்றான். "ஒண்ணு அடிக்க, ஒண்ணு காய." அவன் சொல்லி முடிக்கும் முன்பே முருகையா தன் தப்பை எடுக்க ஓடிவிட்டான்.

எல்லைக் கல்லில் பூசாரி கற்பூரம் காட்டினார். மாரிசாமி அடிக்கத் தொடங்கினான். இராக்கம்மா கம்பளியை விரித்துத் தப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். இடுப்பில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. அவள் தலையும் நனைந்தது, புருஷன் தலையும் நனைந்தது, தப்பு மட்டும் நனையவில்லை. முருகையா தன்னுடைய தப்பை நெஞ்சோடு சேர்த்து இன்னொரு கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான். காலெல்லாம் அட்டை கடித்தது. பிடுங்கிப் போட ஒருவருக்கும் கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, மழை, ரோட்டில் தப்புச் சத்தம். பக்கத்துத் தோட்டத்து லயங்களில் ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அப்படி ஒரு நேரத்தில் தப்புக் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்.

"யாரு செத்தா?" என்று ஒரு கிழவர் கையைத் தட்டிக் கேட்டார்.

"யாரும் சாகல. யாரும் சாகக்கூடாதுன்னுதான் போறோம்" என்றாள் இராக்கம்மா, நடையை நிறுத்தாமல்.

இரும்புப் பாலத்துக்கு வரும்போது மாரிசாமியின் தப்பு தொண்டை கட்டினதுபோல் ஆகிவிட்டது. முருகையா தன்னுடையதை வெளியே எடுத்து அடித்தான். ஈரக்காற்றில் அதுவும் பாதிக் குரலில்தான் பேசியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸித்தி ஸுபைதாவின் அப்பக்கடை. ரோட்டால் போகும் தோட்டத்து ஆட்களெல்லாம் அங்கே அப்பம் தின்றவர்கள்தான். அடுப்புப் புகையைக் கண்டதும் இராக்கம்மா ஓடினாள்.

"ஸுபைதாக்கா, ஒங்க அடுப்பு வேணும்!"

"அடுப்பா? என்னா புள்ள இது கோலம்?"

இராக்கம்மா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். முழுக்கக் கேட்க ஸுபைதா நிற்கவில்லை. வெந்துகொண்டிருந்த அப்பத்தைச் சட்டியோடு இறக்கி வைத்துவிட்டு, "காட்டுங்க, காட்டுங்க, நல்லா எரியிது" என்று இரண்டு தென்னமட்டையை உள்ளே தள்ளினாள். மாரிசாமி தப்பைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினான். முருகையா கடைத் தாழ்வாரத்தில் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தான்.

"நிக்கலாமா?" என்று ஸுபைதா கேட்டாள்.

"நிக்கலாம். நிப்பாட்டத்தான் கூடாது."

ஸுபைதா பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். இராக்கம்மாவுக்கு இரண்டு கையிலும் கம்பளி. ஸுபைதாவே கோப்பையை அவள் வாயில் வைத்துக் குடிப்பாட்டினாள். "போ புள்ள, போ. ஆண்டவன் ஒன் புள்ளைய ஒங்கிட்டயே தருவான்" என்றாள். அதுவரை கல் மாதிரி வந்த இராக்கம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள்.

டவுனுக்குள் நுழையும்போது மழை மறுபடி பிடித்தது. இந்தத் தடவை காற்றும் சேர்ந்துகொண்டு கம்பளியைப் பறித்தது. பசார் வீதியில் கடைக்காரர்கள் விளக்குச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். முருகையாவின் தப்பு செத்துவிட்டது. மாரிசாமியின் தப்பு தொப் தொப் என்றது. வாசிகசாலைப் படியில் ஏறும்போது அந்தச் சத்தம் பக்கத்தில் நடந்த இராக்கம்மாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கதவு திறந்தது. சந்திரகாந்தி. அவள் பின்னால் தங்கராஜா முதலாளி. மழைக்குப் பயந்து டவுன் பிள்ளைகளை வீட்டுக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாயில் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் நெருப்பு வேணும்மா, ஒடனே வேணும்! எம்புள்ள கையில காப்பு இருக்கு. வெளக்கு வைக்கிறதுக்குள்ள தப்பு அவகிட்டப் போய்ச் சேரணும். சத்தம் அறுந்தா எல்லாம் போச்சு."

சந்திரகாந்தி உள்ளே ஓடி, அலமாரிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வந்து விறாந்தையில் போட்டு நெருப்பு வைத்தாள்.

"ஏய், ஏய், அதுல இந்த மாசத்துதும் இருக்கு!" என்று முதலாளி பதறினார்.

"படிச்சாச்சு மாமா!"

பதுளை வாசிகசாலையில் பத்திரிகை அவ்வளவு பிரயோசனப்பட்டது அன்றைக்குத்தான். காகிதம் குபுகுபு என்று எரிந்தது. முருகையா தன் தப்பை அதில் காட்டினான். தோல் இறுகிக்கொண்டு வந்தது. விரலால் தட்டிப் பார்த்தான். டண் என்றது. மாரிசாமி அடியை அவனிடம் கைமாற்றிவிட்டு, தன் தப்பை நெருப்பில் பிடித்தான். அது சூடேறியதும் இரண்டு தப்பும் சேர்ந்து முழங்கின. வீதியில் கூட்டம் கூடிவிட்டது.

முதலாளி கதவின் குறுக்கே கையை வைத்தார். "அடிச்சாச்சுல்ல? வாசலோட நிக்கட்டும். தப்பு உள்ள வரக்கூடாது. நாளைக்கு நாலு பெரிய மனுசங்க வந்து உக்கார்ற எடம்."

"எம்புள்ள வாசல்லயா படுக்கப் போவுது மொதலாளி?"

"அதுக்கு நான் என்ன செய்ய? எல்லாத்துக்கும் ஒரு மொற இருக்கில்ல?"

"இருக்குங்க. மொறைக்குத்தான் இம்புட்டுத் தூரம் வந்தோம்." இராக்கம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "எம்புள்ளைக்கு உள்ள எடம் குடுத்தீங்க. அவ அப்பன் அடிக்கிற சத்தத்துக்கும் குடுங்க. ஒருத்தன ஏற்கெனவே பறிகுடுத்துட்டேன் மொதலாளி. விடிஞ்சதும் நானே சாணி கரைச்சு இந்த எடத்த மெழுகிக் குடுத்துட்டுப் போறேன்."

அந்தக் கடைசி வார்த்தை சந்திரகாந்திக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணும் மெழுக வேண்டாம்!" என்று சொல்லி, சாத்தியிருந்த மற்றக் கதவையும் திறந்துவிட்டாள். மாமனாரை அவள் நேராகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். முதலாளி வீதியில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மாரிசாமியின் கையையும் பார்த்திருக்க வேண்டும். அடிக்குச்சி பிடித்த விரல் வெடித்து, தப்பு விளிம்பெல்லாம் இரத்தம் வழிந்திருந்தது. அந்த மனுஷன் அப்போதும் அடித்துக்கொண்டே நின்றான்.

முதலாளி கையை எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. "வழியில வாங்கு கெடக்குது, கால் தட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவரே போய் வாங்கின் ஒரு தலையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார்.

தப்பு உள்ளே வந்தது. நாலு சுவருக்குள் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கூச்சல் போட்டார்கள், அது பயத்தில் இல்லை. மாரிசாமியும் முருகையாவும் சுவரோரமாகச் சுற்றி வந்தார்கள். இராக்கம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு பின்னால் வந்தாள். புத்தக அலமாரியும் எல்லைக்குள் வந்தது, முதலாளியும் வந்தார். பாயின் மூலையில் பச்சை இறக்கையோடு தனலெட்சுமி நின்றாள். மாரிசாமி அவள் காலடியில் போய் நின்று, ஓங்கி ஓர் அடி அடித்து நிறுத்தினான்.

சந்திரகாந்தி விளக்கை ஏற்றினாள்.

இராக்கம்மா மகளின் கையைப் பிடித்துக் காப்பைத் தடவிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். ஆற்றில் வெள்ளம் வடிவதுபோல் அழுகை தானாக வடிந்தது. பிறகு சிரித்தாள். "சிறுக்கி, காத்துல பறக்காம நின்னியே" என்றாள். முருகையா மூலையில் குந்திக்கொண்டு அட்டைகளைப் பிடுங்கத் தொடங்கினான். சந்திரகாந்தி துணி கிழித்துக்கொண்டு வந்து மாரிசாமியின் விரலுக்குக் கட்டுப்போட்டாள். முதலாளி வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தன. அவர் எரிந்த காகிதச் சாம்பலைக் காலால் கிளறி, "அரிசி வெல போட்டிருந்த பக்கமும் போச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் கோபமில்லை.

"அம்மா, நாடகம் நடக்கல. மழையில நின்னு போச்சு" என்றாள் தனலெட்சுமி.

"இப்ப நடத்தினா என்ன?" என்றாள் சந்திரகாந்தி. "பாக்கத்தான் ஆளு வந்திருக்காங்களே."

மாரிசாமி தோட்டத்துப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தான். இராக்கம்மா எங்கே உட்காருகிறோம் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தாள். முதலாளி அதைக் கண்டார். அதே வாங்கின் மறுமுனையில் அவரும் உட்கார்ந்தார்.

நாடகத்து வேடனாக ஒரு லயத்துப் பையன் வந்தான். வலை விரித்தான். கிளி இறக்கையை விரித்துக்கொண்டு நடுவில் வந்து நின்று, நாள்கணக்காகப் பாடம் பண்ணின வசனத்தை ஆரம்பித்தது. பாதியில் நின்றது.

"அப்பா, அம்மாவப் பாரு!"

எல்லோரும் திரும்பினார்கள். ஈரச் சேலையோடு, சுவரில் தலை சாய்த்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு இராக்கம்மா தூங்கிப்போயிருந்தாள்.

"நான் சொல்றத அம்மா கேக்கவே இல்ல" என்று கிளிக்கு அழுகை முட்டியது.

"தூங்கட்டும்டா" என்றான் மாரிசாமி. கட்டுப்போட்ட கையால் மகளைக் கிட்ட இழுத்து, நழுவியிருந்த இறக்கையைச் சரிபண்ணிவிட்டான். "நீ மொதல்ல இருந்து சொல்லு, அப்பா கேக்குறேன்."

கிளி மூக்கை உறிஞ்சிக்கொண்டது. தாயை ஒரு தடவை பார்த்தது. பிறகு, அவள் எழும்பிவிடாதபடி மெதுவான குரலில், முதலிலிருந்து தொடங்கியது.